மழைக்கு ஒதுங்கிய ஜெனரேட்டர்

அத்தியாயம் 17

விடிந்ததும் இத்தோகான் பின்கட்டுக்கு வந்தபோது, மூன்றாவது தொட்டியில் மீன்கள் நட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தன.

கெளுத்தி மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டு உள்ளே போகும். அது அதன் வழக்கம். இவை போகவில்லை. மீசையும் வாயும் மட்டும் வெளியே தெரிய, வாலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு கூட்டமாக நின்றன. தண்ணீரின் நாற்றம் படியிலேயே மூக்கில் ஏறியது.

அவள் குனிந்து கையை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு. விரல்களில் வழவழவென்று ஏதோ ஒட்டியது.

"இன்னிக்கு ஒரு நாள் தாக்குப் பிடிங்க," என்றாள் மீன்களிடம். "நாளைக்கு உங்க பாடு முடிஞ்சுது. என் பாடுதான் தெரியல."

நாளைக் காலை சந்தைப் பெண்கள் வலையோடும் டிரம்மோடும் வருகிறார்கள். அதுவரைதான் தம்பி கொடுத்த தவணை.

அப்பா வாழ்ந்து முடித்த வீடு மூத்த மகனுக்கு. பெனின் நகரத்தில் இதைப் பற்றி யாரும் வாதாட மாட்டார்கள், இத்தோகானும் வாதாடவில்லை. பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டில் கைவிட்டபோது வந்தவள், பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசிவரை பார்த்துக்கொண்டாள். பின்பக்கத்து ஆறு சிமெண்டுத் தொட்டிகளையும் அவளே நின்று கட்டினாள். ஆனால் தொட்டிகள் நிற்கும் மண் வீட்டோடு சேர்ந்தது. ஈமச் சடங்குகளெல்லாம் முடிந்து வீடு கைக்கு வந்ததும், லாகோஸிலிருந்து மனைவியோடு வந்து இறங்கிய தம்பி ஒசாரோ, தொட்டிகளை மூடிவிட்டு வாடகைக்கு அறைகள் கட்டப்போவதாகச் சொன்னான். 'இந்த மீனை மட்டும் பிடிச்சுக்கிறேன்' என்று அவள் கேட்டாள். சரி என்றான்.

அதற்குள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து செத்துப்போனது. மின்சாரம் இல்லாமல் போர்வெல் மோட்டார் ஊமையாகிவிட்டது. இருந்த ஒரே கதி அவளுடைய பழைய ஜெனரேட்டர். அதற்கு மேலிருந்த தகரக் கூரையையும், அளவெடுக்க இடைஞ்சல் என்று ஒசாரோ வந்த மறுநாளே பிரித்துச் சுவரோரம் சாத்திவிட்டான்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

அதேசுவா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒசாரோவின் மனைவி. ஏழு மாத வயிறு. கையில் காகிதத்தில் சுற்றிய அகாரா வடை, எண்ணெய் ஊறி மணத்தது.

"நீ எதுக்கு இந்தச் சேத்துல வரே? வழுக்கும்."

"உள்ள உட்கார முடியல. ராத்திரி பூரா உங்க தம்பி குறட்டை. அதுக்கு இந்த ஜெனரேட்டர் சத்தம் தேவலாம்."

"லாகோஸ்ல எப்படித் தூங்கறே?"

"அங்க தெரு பூரா ஜெனரேட்டர். குறட்டை காதுல விழாது."

இத்தோகான் சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து இந்தப் பெண்ணைப் பிடிக்காமல் இருக்க அவளும் முயன்று பார்த்தாள். முடியவில்லை.

"இதெல்லாம் ஏன் இப்படி நிக்குது?" அதேசுவா தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி கெட்டுப்போச்சு. பழசைத் திறந்துவிட்டுப் புதுசு விடணும். மதியத்துக்குள்ள பாதித் தண்ணியாவது மாறலைன்னா நாளைக்கு வலையில செத்த மீன்தான் வரும்."

இத்தோகான் தொட்டியின் அடைப்பைத் திறந்து பாதித் தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு அகாராவை வாயில் போட்டுக்கொண்டு ஜெனரேட்டரிடம் போனாள். பெட்ரோல் பாதிக்கும் கீழே. சோக்கை இழுத்து, காலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கயிற்றைச் சுண்டினாள். இருமியது. மறுபடி சுண்டினாள். மூன்றாவது சுண்டலில் உறுமிப் பிடித்துக்கொண்டது. அதைச் சற்றுச் சூடாகவிட்டு, நீள ஒயரைச் செருகி, மோட்டார் சுவிட்சைத் தட்டினாள். ஒரு கணம் ஜெனரேட்டர் முக்கியது, பிறகு சமாளித்துக்கொண்டது. குழாய் வாயில் காற்று சீறி, செம்மண் கலங்கல் துப்பி, அப்புறம் தெளிந்த தண்ணீர் பருமனாக விழுந்தது.

அதேசுவா கை தட்டினாள்.

தொட்டியில் தண்ணீர் ஒரு சாண்கூட ஏறியிருக்காது. ஜெனரேட்டர் திடீரென்று தொண்டை அடைத்தவன்போலக் கமறி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. குழாய் சொட்டியது.

இத்தோகான் குனிந்து பார்த்தாள். ஜெனரேட்டரின் இன்னொரு சாக்கெட்டிலிருந்து ஒரு ஒயர் கிளம்பிச் சன்னல் வழியாக வீட்டுக்குள் போயிருந்தது.

உள்ளே ஒசாரோ பனியனோடு நின்றுகொண்டிருந்தான். மேசைமேல் வெள்ளைச் சட்டை. கையில் அயர்ன் பாக்ஸ். ஒயர் முனையிலிருந்த பிளக் பலகையில் ஃப்ரீசரும் செருகியிருந்தது.

"ஒசாரோ, யாரைக் கேட்டு இதைச் செருகினே?"

"சட்டை தேய்க்கிறதுக்கும் உன்னைக் கேக்கணுமா?"

"மோட்டார் ஓடும்போது வேற எதையும் செருகக் கூடாதுன்னு நேத்தே சொன்னேனா இல்லையா? ஜெனரேட்டருக்கு இருக்கிற மூச்சு மோட்டாருக்கே சரியாப் போகும்."

"காண்ட்ராக்டர் வர்றாரு. கசங்கின சட்டையோட நிக்கவா?"

"நாளைக்கு வரச் சொல்லேன்."

"அக்கா." அவன் அயர்ன் பாக்ஸை நிறுத்தி வைத்தான். "இது என் வீடு. நீ கேட்ட தவணையைக் கொடுத்தேன். அதுக்காக என் வீட்டுல நான் மூச்சு விடறதுக்கும் உன்கிட்ட அனுமதி கேட்க முடியாது."

இத்தோகானின் பின்னாலேயே வந்த அதேசுவா பலகையிலிருந்த இரண்டு செருகிகளையும் பிடுங்கினாள்.

"உங்க சட்டையை நான் ஈரத்துணி போட்டு நீவித் தர்றேன். அண்ணி தனியா மாரடிக்கிறாங்க. ஒரு கை கொடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

மனைவி அக்காவின் எதிரில் சொல்லிவிட்டாள் என்பதாலோ என்னவோ, ஒசாரோ பனியனோடு பின்கட்டுக்கு வந்தான். கயிற்றை அவனே சுண்டினான். மோட்டார் ஓடியது. தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றான்.

"இதெல்லாம் நீயே கட்டினதா?"

"வேற யாரு கட்டுவா?"

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஊருக்கு வந்ததிலிருந்து அவளைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது.

பெட்ரோல் தீரப்போகிறது. அவள் கேனை எடுத்தாள்.

"நான் ஜங்ஷன் பங்க் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். நீ இங்கேயே நில்லு. மூணாவது தொட்டி நிறைஞ்சா நாலாவதைத் திறந்து வடியவிட்டுக் குழாயை அதுக்கு மாத்து."

"போ. பாத்துக்கறேன்."

"மழை வந்தா நிறுத்திடு. தார்ப்பாயைப் போட்டு மூடிடு. நனைஞ்ச கையால எதையும் தொடாதே."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? போயேன்."

ஆட்டோக்காரன் ஃப்ரைடே தெருவிலேயே கிடைத்தான். பங்கில் வரிசை சாலையைத் தாண்டி வளைந்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் போனதிலிருந்து அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் கேனோடு வந்து நின்றன. இத்தோகான் பொறுமையிழந்து எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் முறை வருவதற்குள் வானம் கறுத்து, மழை ஒரேயடியாகக் கொட்டத் தொடங்கியது.

"நிறுத்தியிருப்பான்," என்றாள் சத்தமாக.

"யாரு?" என்றான் ஃப்ரைடே.

"என் தம்பி. ஜெனரேட்டரை."

"மழையிலயா? மூளை உள்ளவன் நிறுத்திடுவான்."

திரும்பும்போது தெரு செம்மண் ஆறாக ஓடியது. வீட்டு வாசலில் இறங்கிக் கேனை அணைத்துக்கொண்டு பக்கவாட்டு வழியாகப் பின்கட்டுக்கு ஓடினாள். குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நெஞ்சு நிறைந்தது. மூன்றாவது தொட்டியில் மீன்கள் கலைந்து உள்ளே இறங்கியிருந்தன. நான்காவது தொட்டியில் குழாய் மாற்றிப் போடப்பட்டிருந்தது. சொன்னதைச் செய்திருக்கிறான். சொன்னதற்கு மேலும் செய்திருக்கிறான்.

ஜெனரேட்டர் இருந்த இடத்தைப் பார்த்தாள். அது நின்ற நாலு செங்கல் மட்டும் மழையில் நனைந்து கிடந்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

மழை இரைச்சலுக்குள் அவள் காதைத் தீட்டினாள். உறுமல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. நீள ஒயர் சேற்றில் நெளிந்து, படியேறி, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருக்கும் நடைக்குள் நுழைந்திருந்தது. சாரல் அடிக்காமலிருக்க நடையின் கதவு ஒயர்மேலேயே அழுத்திச் சாத்தப்பட்டிருந்தது.

கேன் அவள் கையிலிருந்து விழுந்தது.

கதவைத் தள்ளித் திறந்ததும் சூடான புகை முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. தொண்டை பிடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தடவிப்போய் ஜெனரேட்டரை அணைத்தாள். அந்த நடையைப் பார்த்துத்தான் அதேசுவாவின் அறைச் சன்னல். அந்த நடைக்குள்தான் அவள் அறைக் கதவு.

"அதேசுவா!"

பதில் இல்லை.

அதேசுவா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். எழுந்து வர முயன்றிருக்கிறாள். வாயோரம் வாந்தி. கண்கள் பாதி திறந்திருந்தன. அவற்றில் பார்வை இல்லை.

"ஒசனோபுவா!" கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே இத்தோகான் அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். கனத்தது. ஏழு மாத வயிறு ஒருபக்கம் சரிந்தது. கால்கள் தரையில் இழுபட்டன. தனக்கே தலை சுற்றுவதை உணர்ந்தாள். கூடத்து நாற்காலியை இடறித் தள்ளிக்கொண்டு, முதுகால் முன்கதவை முட்டித் திறந்து வெளியே வந்து விழுந்தாள்.

வராந்தாவில் ஒசாரோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "இல்ல சார், மழை விட்டதும் வாங்க, நான்..."

திரும்பினான். போன் தரையில் விழுந்தது.

"என்ன பண்ணினே அவளை?"

"நானா?" இத்தோகானுக்கு மூச்சு வாங்கியது. "ஜெனரேட்டரை உள்ள வெச்சது யாரு? வண்டியை எடு! எடுடா!"

பின்சீட்டில் அதேசுவாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான்கு சன்னல்களையும் இறக்கச் சொன்னாள். மழை உள்ளே அடித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி முங்கி எழுந்தது.

"அதேசுவா, கண்ணைத் திற. தங்கம், மூச்சு விடு. என்னைப் பாரு."

"பேசறாளா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"அக்கா, நிறுத்தினா மீன் செத்துடும்னு காலையிலேருந்து நீதானே கத்தினே. நனையாம ஓடட்டும்னுதான் இழுத்து வெச்சேன். உனக்காகத்தான். அவ உள்ள தூங்கறான்னு... கதவு சாத்தித்தானே இருந்தது..."

இத்தோகானின் கை அதேசுவாவின் வயிற்றின்மேல் இருந்தது. அங்கே ஒரு அசைவுக்காகக் காத்திருந்தாள். எதுவும் அசையவில்லை.

மருத்துவமனையிலும் ஒரு ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. வளாகத்தின் கடைசி மூலையில், கட்டடத்தை விட்டுத் தள்ளி, கம்பிக்கூண்டுக்குள். அதேசுவாவை உள்ளே கொண்டுபோனார்கள். முகமூடி வைத்து ஆக்ஸிஜன் திறந்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

அக்காவும் தம்பியும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள்.

கொஞ்சநேரம் கழித்து டாக்டர் வந்தார். நரைத்த, களைத்த மனிதர்.

"நினைவு திரும்பியாச்சு. பேச விடாதீங்க."

"குழந்தை?" ஒசாரோ எழுந்துவிட்டான்.

"துடிப்பு இருக்கு. ஆனா நான் எதிர்பார்க்கிற மாதிரி இல்ல. அந்தப் புகை தாயைவிடப் பிள்ளையைத்தான் அதிகம் வதைக்கும். இன்னிக்கும் நாளைக்கும் இங்கேயே இருக்கணும். பொறுத்துத்தான் பார்க்கணும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மழைக்காலம் வந்தா எனக்கு இதே வேலையாப் போச்சு. வீட்டுக்குள்ள ஜெனரேட்டரை வெச்சது யாரு?"

ஒசாரோ வாயைத் திறந்தான். அதே நேரத்தில் நுழைவாசலில் ஒரு குரல் கிளம்பியது.

"எங்க என் பொண்ணு?"

அதேசுவாவின் அம்மா. பெனினிலேயே மறுகோடியில் இருப்பவள். ஒசாரோதான் மருத்துவமனையிலிருந்து போன் செய்து சொல்லியிருந்தான். தலைத்துணி அவிழ்ந்து தோளில் தொங்கியது. மருமகனைத் தாண்டி, டாக்டரைத் தாண்டி, அவள் நேராக இத்தோகானிடம் வந்தாள். இத்தோகானின் உடுப்பில் பெட்ரோலும் மீனும் நாறின. அதுவே போதுமானதாக இருந்தது.

"நீதானே? உன் ஜெனரேட்டர்தானே?"

"அம்மா, உட்காருங்க..."

"என்னை உட்காரச் சொல்ல நீ யாரு? மீன் பிழைக்கணும்னு என் பொண்ணைப் புகை போட்டுட்டியா? உன் வயித்துல ஒண்ணும் தங்கல. அந்த எரிச்சல்ல இன்னொருத்தி வயித்தைப் பாத்துட்டே நின்னியா?"

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இத்தோகானுக்கு இந்த வார்த்தைகள் புதிதில்லை. புருஷன் வீட்டில் தினம் ஒரு தடவையாவது கேட்டவை. ஆனால் அங்கே அவளுக்காகப் பேச யாரும் இல்லை. இங்கே ஒருவன் இருக்கிறான்.

அவள் தம்பியைப் பார்த்தாள்.

ஒசாரோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் செம்மண் அப்பியிருந்தது. உதடு ஒருமுறை அசைந்தது.

சொல், என்று அவள் நினைத்தாள். ஒரே வார்த்தை. 'நான்' என்று சொல்.

"அத்தை, முதல்ல உள்ள போய் அவளைப் பாருங்க," என்றான் ஒசாரோ.

அவ்வளவுதான்.

"பாக்கத்தான் போறேன். என் பசங்களும் வர்றானுங்க. அப்புறம் இவளைப் பாத்துக்கறேன்."

டாக்டர் எல்லாரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டார். இத்தோகான் எழுந்தாள். கால் தள்ளாடியது. அவளும் கொஞ்சம் புகை குடித்திருந்தாள். அதை யாரும் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

வாசலில் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது ஒரு நர்ஸ் தேடிக்கொண்டு வந்தாள்.

"உங்களைத்தான் கூப்பிடறாங்க. அண்ணியை மட்டும் வரச் சொல்லுன்னு. அவங்க அம்மாவைக்கூட வெளிய அனுப்பிட்டாங்க. சீக்கிரம் வந்துடுங்க."

அதேசுவா சாய்ந்து படுத்திருந்தாள். முகமூடிக்குள் மூச்சு ஆவியாகிப் படிந்து கலைந்தது. இத்தோகான் பக்கத்தில் போனதும் அதேசுவா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"நான் அப்பத் தூங்கல அண்ணி."

"பேசாதே."

"அவர் இழுத்துட்டு வந்தது கேட்டுச்சு. கதவுக்கு வெளியேருந்து சொன்னாரு, 'படுத்துக்கோ, சத்தம் கொஞ்ச நேரம்தான்'னு. எனக்கும் ஒண்ணும் தோணல. அப்புறம் தலை கனத்துது. எந்திரிக்கப் பாத்தேன்..."

"தெரியும். போதும்."

"அம்மா வெளிய கத்தினது கேட்டுச்சு." அவள் கண்ணோர நீர் காதுக்குள் இறங்கியது. "அவர் பேசாம இருந்ததும் கேட்டுச்சு."

இத்தோகான் முகமூடியைப் பழையபடி பொருத்தினாள். கலைந்த பின்னலை ஒதுக்கிவிட்டாள்.

"இப்போ நீ மூச்சு மட்டும் விடு. உனக்கும் அதுக்கும் சேத்து. மத்ததெல்லாம் அப்புறம்."

மழை விட்டிருந்தது. ஃப்ரைடேயின் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தாள். பின்கட்டை எட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்றாவது தொட்டி தேறிக்கொண்டிருந்தது. பழசு வடிந்து, புதுசு நிறைவதற்குள் குழாய் நின்றுபோன நான்காவதில் பாதிக்குமேல் வெள்ளை வயிறுகள் மிதந்தன. ஐந்திலும் ஆறிலும் மீன்கள் நட்டுக்குத்தலாக நின்றன.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளைத்தாச்சி எப்படி இருக்கா?"

"கண் முழிச்சுட்டா."

"தெருவுல என்னென்னவோ பேசறாங்க."

"பேசட்டும். இந்தப் பக்கம் வந்து ஒரு கை பிடிங்க."

இரண்டு பெண்களும் சேர்ந்து ஜெனரேட்டரை நடையிலிருந்து வெளியே இழுத்தார்கள். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம், வேலி ஓரத்துக்கு. சுவரோரம் கிடந்த தகரத்தை எடுத்து நாலு மூலையிலும் சிமெண்டுக் கல்லை உயர அடுக்கி, அதன்மேல் வைத்தார்கள். நாலு பக்கமும் திறந்திருந்தது. கதவருகே கிடந்த கேனிலிருந்து இத்தோகான் பெட்ரோல் ஊற்றினாள். கயிற்றைச் சுண்டினாள். பிடிக்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியால் துடைத்து, ஊதி, மறுபடி மாட்டினாள். சுண்டினாள். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. பிடித்துக்கொண்டது.

தண்ணீர் விழுந்தது. அவள் செத்த மீன்களை வலையால் அள்ளி அள்ளிக் கரையில் கொட்டினாள். அழுகை வரவில்லை. கை வேலை செய்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி போய்விட்டாள். வெயில் சாய்ந்து, ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. ஒசாரோவின் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அவன் பின்கட்டுக்கு வந்து, கரையில் குவிந்த மீன்களைப் பார்த்துவிட்டு, கிட்டே வராமல் நின்றான்.

"குழந்தைத் துடிப்பு கொஞ்சம் பரவாயில்லையாம்," என்றான்.

"நல்லது."

"நீ ஏன் சொல்லல, அக்கா?"

"சொல்ல வேண்டியது நானா?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நல்ல சட்டை; காலையில் மனைவி நீவிக் கொடுத்தது. முழுக்கக் கசங்கியிருந்தது.

"அவ அண்ணன்மாரு விஷயம் உனக்குத் தெரியாது. நான்னு தெரிஞ்சா அவளைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. குழந்தை பிறந்தாலும் கண்ணுல காட்ட மாட்டாங்க. அத்தை ஏற்கெனவே என்னை மனுஷனா மதிக்கிறதில்ல."

இத்தோகான் வலையை உதறினாள்.

"கேளு," அவன் ஒரு அடி முன்னால் வந்தான். குரலைத் தாழ்த்தினான். "தொட்டியை மூட வேண்டாம். காண்ட்ராக்டரை வரவேண்டாம்னு சொல்லிடறேன். இந்தப் பின்பக்கம் பூரா நீயே வெச்சுக்கோ. நீ உயிரோட இருக்கிறவரைக்கும். தொட்டியைப் பத்தி இனி நான் வாய் திறக்க மாட்டேன். நீயும் ஜெனரேட்டரைப் பத்தி வாய் திறக்காதே. நீ ஏதோ தெரியாம வெச்சுட்டேன்னு இருக்கட்டும். உன்னை யாரு என்ன செஞ்சுடப் போறாங்க?"

ஆறாவது தொட்டியில் ஒரு மீன் வாலை அடித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அதைத் தொடர்ந்து இன்னொன்று.

அவள் அந்தத் தொட்டிகளைப் பார்த்தாள். ஒவ்வொரு சுவரும் அவள் நின்று பூசியது. இதைக் கேட்டு எத்தனை நாள் மனதுக்குள் கெஞ்சியிருக்கிறாள்! இப்போது கேட்காமலேயே வருகிறது.

"எனக்குத் தொட்டி வேணும், ஒசாரோ," என்றாள். "ரொம்ப வேணும். இல்லேன்னு சொன்னா பொய்."

அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஆனா நீ வாங்க வந்த சரக்கு என் கையில இல்ல. அதேசுவா தூங்கவே இல்ல. நீ இழுத்துட்டு வந்தது, கதவுக்கு வெளியே நின்னு சொன்னது, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில நீ செருப்பைப் பாத்துட்டு நின்னதும் தெரியும்."

ஒசாரோ எதையோ பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினான். பிடிக்க எதுவும் இல்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டாளா?"

"நான் கிளம்பறவரைக்கும் சொல்லல. நீ சொல்லுவியான்னு பாத்துட்டுப் படுத்திருக்கா போல."

அப்போதுதான் வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறைந்து சாத்தப்பட்டன. கனத்த குரல்கள். யாரோ கேட்டைக் கையால் குத்தினார்கள்.

"அந்த மீன்காரி எங்கே? வெளிய வரச் சொல்லு!"

அதேசுவாவின் அண்ணன்கள்.

இத்தோகான் வலையைக் கீழே வைத்தாள். ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். அவளுக்கு முன்னால் ஒசாரோ நகர்ந்தான். எதுவும் பேசாமல், அவளைத் திரும்பிப் பார்க்காமல், வீட்டின் பக்கவாட்டு வழியாக வேகமாக நடந்தான்.

அந்த வழி கேட்டுக்கும் போகிறது. அவன் கார் நிற்கும் இடத்துக்கும் போகிறது. பேசப் போகிறானா, ஓடப் போகிறானா என்று அவன் முதுகைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.